நூலா, அரிசியா?

சென்ற ஆண்டு பிப்ரவரியில் குடற்புழு நீக்க நாள் முடிந்து பத்து நாள் இருக்கும். பொம்மிடியில் எங்கள் பள்ளி முதல் வகுப்புக் குழந்தை ஒருத்தியின் அம்மா, காலை வழிபாடு முடியும்வரை வாசலிலேயே நின்றிருந்தார். "டீச்சர், பாப்பா வெளிக்குப் போனா வெள்ளையா அரிசி மாதிரி வருது. பாத்துக்கிட்டே இருந்தா நெளியுதுங்க" என்றார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் தயங்காமல் பதில் சொன்னேன்: "கீரிப்பூச்சிதாம்மா. மாத்திரைதான் சாப்பிட்டிருக்காளே, சரியாயிடும்."

சரியாகவில்லை. கடையில் அதே மாத்திரையை வாங்கி இன்னொரு முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, மார்ச்சில் மறுபடி வந்தார். அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். அங்கே மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "நூல் மாதிரி இருக்கா, அரிசி மாதிரி இருக்கா?" அடுத்த கேள்வி, "வீட்டுல நாய் வளக்கறீங்களா?" நான் இரண்டையுமே கேட்கவில்லை.

கீரிப்பூச்சி மெல்லிய வெள்ளை நூல்துண்டு போல இருக்கும். இரவில் ஆசனவாயைச் சுற்றி வந்து அரிப்பு உண்டாக்கும். அந்தக் குழந்தைக்கு வந்தது முழுப் புழுவே அல்ல, ஒரு நாடாப்புழுவின் உடலிலிருந்து கழன்று விழும் கண்ணிகள். புதிதாக விழும்போது வெள்ளரி விதை போலவும், உலர்ந்தபின் அரிசி போலவும் தெரியும். டிபிலிடியம் கேனினம் என்பது அதன் பெயர். நாய், பூனைகளின் குடலில் வாழ்வது. மனிதரிடம் அபூர்வம். வந்தாலும் பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்கே வருகிறது. நம் நாட்டில் 2011-இல் கரீம்நகரிலிருந்தும், 2013-இல் ஒடிசாவின் பெர்ஹாம்பூரிலிருந்தும் இந்த நோய் பற்றி மருத்துவ இதழ்களில் தனிக் கட்டுரை எழுதும் அளவுக்கு அரிதாகவே கண்டறியப்படுகிறது. கீரிப்பூச்சி என்று நினைத்து விட்டுவிடப்படுபவை எத்தனையோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

இது பரவும் வழிதான் வியப்பானது. நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டைகளைத் தெள்ளுப்பூச்சியின் இளம்புழு தின்கிறது. அது வளர்ந்து பூச்சியாகும்போது நாடாப்புழுவின் இளம்பருவமும் அதன் உடலுக்குள் வளர்ந்து காத்திருக்கிறது. அரிப்பெடுத்த நாய் தன்னையே கடித்து நக்கும்போது பூச்சியை விழுங்குகிறது. குழந்தையும் அப்படித்தான். நாய்க்குட்டியைக் கட்டிக்கொண்டு கொஞ்சும், அதன் முகத்தில் முகம் வைக்கும், அதே கையை வாயில் வைக்கும். எள்ளளவு பூச்சி உள்ளே போவது யாருக்குத் தெரியும்? மூன்று நான்கு வாரத்தில் குடலில் புழு வளர்ந்து கண்ணிகளை உதிர்க்கத் தொடங்குகிறது.

ஆசிரியர்கள் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. தெள்ளுப்பூச்சியை (சில சமயம் நாய்ப் பேனை) விழுங்கினால்தான் இந்தப் புழு வரும். ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு ஒட்டாது. இது எனக்கு அப்போது தெரியாததால், அந்தக் குழந்தையைச் சில நாள் ஓரமாகத் தனியே உட்காரவைத்தேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆனால் குள்ள நாடாப்புழு என்று வேறொன்று இருக்கிறது. அது மலம் பட்ட கைவழியே நேராகப் பரவும். எந்தப் புழு என்று பரிசோதனைதான் சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது.

பரிசோதனையிலும் ஒரு சிக்கல். முட்டைகள் பையாகக் கண்ணிக்குள்ளேயே அடைந்திருப்பதால் மலத்தை மட்டும் பார்த்தால் பல நேரம் ஒன்றும் தெரியாது. நெளியும் கண்ணியையே சுத்தமான டப்பாவில் எடுத்துப் போவது நல்லது. எங்கள் குழந்தையின் அம்மா அப்படித்தான் கொண்டுபோனார். நுண்ணோக்கியில் முட்டைப் பைகள் தெரிந்தன.

நாம் பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றுக்கானது. 2015 முதல் நடந்துவரும் நல்ல திட்டம் அது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த ஒரு மாத்திரை எல்லாப் புழுவையும் தீர்க்கும் என்று நான் நம்பியிருந்தது தவறு. இந்த நாடாப்புழுவுக்குப் பிரசிகுவாண்டல் என்னும் மருந்தை எடைக்கேற்ப மருத்துவர் கொடுக்கிறார். பெரும்பாலும் ஒரே வேளை போதும்.

குழந்தைக்கு மருந்து கொடுத்தபின் அவள் அப்பா நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவதாகச் சொன்னார். அவள் அழுத அழுகையில் பாதி தெருவே வந்துவிட்டது. கால்நடை மருந்தகத்தில் நாய்க்குப் புழு மருந்தும், தெள்ளுப்பூச்சிக்கு மருந்தும் வாங்கினார்கள். நாய் படுக்கும் சாக்கையும் வெந்நீரில் அலசினார்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் புழு திரும்பி வரும் என்றார் மருத்துவர்.

இப்போது பெற்றோர் கூட்டத்தில் புழு பற்றிப் பேச்சு வந்தால், "நூலா, அரிசியா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். போன மாதம் ஒருவர் "அரிசி" என்றார். டப்பாவோடு மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறேன்.