கேண்டர்பரியின் இரண்டு தலைக்கவசங்கள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் கேண்டர்பரி பேராலயத்தில் 'கறுப்பு இளவரசர்' எட்வர்டின் கல்லறை இருக்கிறது. 16 வயதில் கிரெசி போர்க்களத்தில் நின்றவர். 1356இல் புவாத்தியே போரில் பிரெஞ்சு மன்னரையே சிறைபிடித்த படையின் தளபதி. 1376இல் அவர் இறந்ததும் தலைக்கவசம், கேடயம், கையுறை, மேலங்கி எல்லாவற்றையும் கல்லறைக்கு மேலே தொங்கவிட்டார்கள். இன்று அங்கே தொங்குபவை 1954இல் செய்த நகல்கள். அசல்கள் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன.

"அப்போ மேலே இருக்கிறது டூப்ளிகேட்டா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். முதலில் அசல் தலைக்கவசத்தைப் பார்ப்போம்.

இரும்புத் தகடுகளை ரிவிட் அடித்து இணைத்த கவசம். குடத்தைக் கவிழ்த்ததுபோலத் தலை முழுவதையும் மூடிவிடும். பார்க்க ஒரு குறுகிய பிளவு. மூச்சு விடத் துளைகள் உண்டு, அதுவும் வலப்பக்கத்தில்தான். ஏன் தெரியுமா? ஈட்டியை வலக்கையில் இடுக்கி, குதிரைக் கழுத்தின் இடப்புறமாக நீட்டிக்கொண்டு பாய்வார்கள். அதனால் எதிரியின் ஈட்டி வந்து மோதுவது பெரும்பாலும் இடப்பக்கம். அங்கே துளையிட்டால் தகடு பலம் இழக்கும், ஈட்டிமுனையும் சிக்கிக்கொள்ளும். வலப்பக்கத்துத் துளைகளையும் கொல்லர் ஏனோதானோவென்று போடவில்லை. கிரீட வடிவில் அமைத்திருக்கிறார். மூச்சு வாங்கும் ஓட்டையிலும் அரச குலம் தெரிகிறது. இந்த வேலைப்பாட்டுக்காகவே எனக்கு அந்தக் கவசத்தின்மேல் தனிப் பிரியம்.

உச்சியில் நிற்கும் சிங்கம் இரும்பில்லை. தோலும் துணியும் கொண்டு உருவாக்கி, மேலே சுதை பூசிப் பொன்னிறம் ஏற்றியது. தலையில் சுமப்பதாயிற்றே, கனம் கூடாது. ஆனால் 600 ஆண்டுகளில் அந்தப் பொலிவு போய்விட்டது. அதைத் திரும்பக் காட்டுவது நகல்தான். முகம் மூடிய வீரனைக் களத்தில் அடையாளம் காட்டியவை இப்படிப்பட்ட சின்னங்களும் நிறங்களும். அசல் கொல்லரின் கைத்திறனைச் சொல்கிறது. நகல், அன்றைய கண்கள் கண்டதைச் சொல்கிறது. இரண்டும் வேண்டும்.

கடையில் விற்கும் நகல்கள் வேறு ரகம். அலமாரியில் வைக்க மெல்லிய தகடு போதும். தலையில் அணிந்து வாள் வீசிப் பழகுகிறவர்களுக்கு அது ஆபத்து. வாங்குவதாக இருந்தால் வெளிப் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். திணித்துத் தைத்த மெத்தை இல்லையென்றால், விழுகிற அடி அப்படியே மண்டைக்கு இறங்கும்.