காற்றில் பறந்த வீடுகள்!

வீட்டை விலைக்கு வாங்கி, லாரியில் மாட்டி இழுத்து வர முடியுமா?

அமெரிக்காவில் முடியும்.

அங்கே தொழிற்சாலையிலேயே வீடு செய்கிறார்கள். அடியில் இரும்புச் சட்டம், அதற்குச் சக்கரம். மேலே சுவர், கூரை, சமையல் அறை எல்லாம் தயார்! கொண்டுவந்து மனையில் நிறுத்திவிட்டால் குடித்தனம் நடத்தலாம். விலை குறைவு. ஆகவே, ஓய்வு பெற்ற முதியவர்களும் குறைந்த சம்பளக்காரர்களும் இதை நாடுகிறார்கள்.

புயல் அடித்தால்?

1992-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, விடியும் நேரம். "ஆண்ட்ரூ" என்ற புயல் புளோரிடா மாநிலத்தைத் தாக்கியது. ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் இத்தகைய வீடுகள் 1,176 இருந்தன. அவற்றில் 1,167 அடியோடு நாசம்! தப்பியவை ஒன்பதே ஒன்பது.

காரணம் என்ன? வீடு எடை குறைந்தது. காற்று அடியில் புகுந்து தூக்கும். கூரைமேல் பாயும் காற்று, கூரையை மேலே உறிஞ்சும். ஒரு ஜன்னல் உடைந்தால் போதும், உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளும். பலத்த காற்றில் குடை பிடித்துப் பாருங்கள், புரியும்!

இந்த வீடுகளுக்கு 1976 முதலே மத்திய அரசின் விதிகள் உண்டு. அவை போதவில்லை. 1994-ல் அரசு விதியை இறுக்கியது. நாட்டை மூன்று காற்று மண்டலங்களாகப் பிரித்தது. புயல் வரும் கடலோரத்துக்குப் போகும் வீடு, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்க வேண்டும். மிக ஆபத்தான இடம் என்றால் 177 கிலோமீட்டர். கூரையைச் சுவரோடும், சுவரைத் தரையோடும் இரும்புப் பட்டையால் இணைக்க வேண்டும். வீட்டைப் பூமியில் திருகி இறக்கிய இரும்பு முளைகளோடு கட்ட வேண்டும்.

"விலை ஏறும். ஏழை எப்படி வாங்குவான்?" என்று வீடு செய்பவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், பறந்து போகிற வீடு மலிவு வீடா? 1995-ல் கோர்ட்டு, அரசின் விதி செல்லும் என்றது.

சோதனை 2004-ல் வந்தது. ஆகஸ்டு 13-ந் தேதி "சார்லி" புயல் புளோரிடாவின் மேற்குக் கரையில் புகுந்தது. பழைய வீடுகள் பல நொறுங்கின. புது விதிப்படி செய்த வீடுகள் பெரும்பாலும் நின்றன! அவற்றிலும் சிலவற்றுக்குச் சேதம்தான். யாரால்? வீட்டுக்காரர் பிறகு சேர்த்த கார் கொட்டகையால்! அது பிய்ந்து போனபோது, வீட்டின் ஒரு பகுதியையும் இழுத்துக்கொண்டு போயிற்று.

1994 விதி புது வீடுகளுக்கு மட்டுமே. அதற்கு முன் செய்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. புயல் எச்சரிக்கை வந்தால் அவர்கள் வெளியேற வேண்டும். புது வீட்டுக்காரர்களும்தான்!