மெஷின் தையலா? கழற்று சட்டையை! வைக்கிங் கூடாரத்தில் கெடுபிடி

டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகருக்குப் பக்கத்தில், கடலோரம் இருக்கிறது மோஸ்கோர்டு. 1977இல் தொடங்கி, கோடைக்காலத்தில் அங்கே "வைக்கிங்"குகள் கூடுகிறார்கள்.

கூடாரம் அடிப்பார்கள். விறகு அடுப்பில் கூழ் காய்ச்சுவார்கள். வாளும் கேடயமுமாக மோதுவார்கள். லீவு முடிந்ததும் ஆபீசுக்குப் போய்விடுவார்கள்!

வைக்கிங்குகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் டென்மார்க், நார்வே, சுவீடன் பக்கமிருந்து கப்பலேறிப் போனவர்கள். வியாபாரமும் உண்டு, கொள்ளையும் உண்டு. 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடத்தைச் சூறையாடியது இவர்கள்தான்.

அந்த வாழ்க்கையை நடித்துக் காட்டும் குழுக்கள் ஐரோப்பா முழுவதும் உள்ளன. சேர வேண்டுமா? வாள் இருந்தால் மட்டும் போதாது. சட்டை சரியாக இருக்க வேண்டும்!

விளிம்பைப் புரட்டுவார்

பல குழுக்களில் சோதிப்பதற்கென்றே ஒரு ஆசாமி இருக்கிறார். சட்டை விளிம்பைப் புரட்டிப் பார்ப்பார். மெஷின் தையல் கண்ணில் பட்டால் போச்சு. வெளியே தெரியாத தையலுக்கு மெஷினை விட்டுவிடும் குழுக்களும் உண்டு. கறாரான குழுக்களில் அதுவும் கிடையாது. ஜிப், பாலியஸ்டர்? மூச்!

கொம்பு வைத்த தலைக்கவசமும் கூடாது. அது 1876இல் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வரைந்த டோப்ளர் பரப்பிவிட்ட சமாசாரம். வைக்கிங் கல்லறை எதிலும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

வெட்டுவதில் சிக்கனம்

வெட்டு ரொம்ப எளிது. உடம்புக்கு நீள்சதுரம், கைக்கு நீள்சதுரம். அக்குளில் சின்னச் சதுரம். கீழே இரு பக்கமும் முக்கோணத் துண்டு. கையைத் தூக்கித் துடுப்பு வலித்தாலும் கிழியாது.

நூல் நூற்பதும் கையால், நெய்வதும் கையால் என்றிருந்த காலம் அது. வளைத்து வெட்டித் துணியை வீணாக்க யாருக்கு மனசு வரும்?

லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்கிறார்கள். முறுக்கு பிரியாது, சிக்கு விழாது. முதலில் ஓடுதையல். பிறகு பிசிரை உள்ளே மடித்து, அதன் மேல் விளிம்புத் தையல். ஒரே இணைப்புக்கு இரண்டு தடவை ஊசி போகிறது. மாலை நேரங்களில் மட்டும் தைப்பவருக்கு ஒரு சட்டை முடிய வாரக்கணக்கில் ஆகும்.

காட்டிக் கொடுத்த துரு

மண்ணில் துணி மக்கிவிடுமே, மாதிரி எங்கே கிடைத்தது?

சுவீடனில் பிர்கா என்ற பழைய வியாபார ஊர். 1870களில் தொடங்கி ஸ்டோல்பே என்பவர் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டினார். பெண்களின் மார்பில் ஆமை ஓடு மாதிரி இரண்டு வெண்கல ஊக்குகள் இருந்தன. உலோகம் அரித்து, அந்தக் கசிவு பட்ட இடத்தில் கிருமி அண்டவில்லை. அங்கே மட்டும் துணி தப்பியது. எல்லாம் துண்டு துணுக்குதான்!

ஹெடபி துறைமுகத்தில் வேறு கதை. கப்பலுக்குத் தார் பூசக் கந்தல் துணியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1979, 80இல் தோண்டியபோது அந்தத் தார்க் கந்தல்கள் கிடைத்தன. இங்கா ஹேக் என்ற அம்மையார் அவற்றை ஆராய்ந்தார். கை எது, கால்சட்டை எது என்று பிரித்துச் சொன்னார். அன்றைக்குத் தூக்கிப் போட்ட குப்பைதான் இன்றைக்குத் தையல் பாடம்.

லினன் சட்டை கிடைப்பது இன்னும் அபூர்வம். டென்மார்க்கின் வீபோரில் 1984இல் ஒன்று கிடைத்தது. 11ஆம் நூற்றாண்டுச் சட்டை. அதைப் பார்த்துத் தைத்தவர்கள் ஏராளம்.

சண்டை எங்கே?

ஊக்கில் மாட்டும் தோள் வார் இருந்தது நிச்சயம். ஆனால் அந்தக் கவுனின் முன்புறம் மூடியிருந்ததா, திறந்திருந்ததா? ஆராய்ச்சியாளர்களே ஒத்துப்போகவில்லை. தைப்பவர்களோ கூடாரத்துக்குக் கூடாரம் ஒரு கட்சி!

டிக்கெட் வாங்கி வரும் பையனுக்குக் கண்ணில் படுவதுதான் சரித்திரம், அவனுக்குப் பொய்யைக் காட்டக்கூடாது என்பது கறார் பேர்வழிகள் வாதம். முக்கால்வாசி யூகமாக இருக்கும் உடைக்கு மெஷின் தையல் மட்டும் பாவமா என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

தகராறு இல்லாத சாமான் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் தெருவில் தோண்டியபோது கிடைத்த கம்பளிச் சாக்ஸ். ஒற்றை ஊசியால் கண்ணி கண்ணியாகப் போட்டது. அந்தக் கண்ணிக்கே "யார்க் தையல்" என்று பெயர் வந்துவிட்டது. கிடைத்தது ஒரு கால் சாக்ஸ்தான். ஜோடியைக் காணோம்!