பேனா கடைதலுக்கும் கியூ கோல் செய்தலுக்கும் ஏற்ற முதல் லேத்

கடைசல் இயந்திரம் அல்லது லேத் என்பது ஒரு பொருளை அதன் அச்சில் சுழலவிட்டு, கூரிய உளியால் சீவி, உருளை, கூம்பு போன்ற வடிவங்களுக்குக் கொண்டுவரும் இயந்திரம் ஆகும். வீட்டில் சிறு பட்டறை வைத்து மரப் பேனா கடைவோரும், பில்லியர்ட்ஸ், பூல், ஸ்னூக்கர் ஆட்டங்களுக்கான கியூ கோல் செய்வோரும் இதைப் பயன்படுத்துகின்றனர். இரண்டுமே ஒல்லியான துண்டுகளைக் கடையும் வேலைகள் என்பதால், இரண்டுக்கும் ஒரே சிறிய லேத் போதும் என்று புதியவர்கள் எண்ணுவது உண்டு. உண்மையில் பேனாவுக்குப் போதுமான இயந்திரத்தில் கியூ கோலின் பாதியைக்கூடப் பொருத்த முடியாமல் போகலாம். குறைந்த பணத்தில் முதல் லேத் வாங்குபவர் விலைப் பட்டியலைப் பார்க்கும் முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பின்னணி

மரக் கடைசல் மிகப் பழைய தொழில். தமிழ்நாட்டில் அம்பாசமுத்திரம் பகுதியின் சொப்புச் சாமான்கள் மரக் கடைசலில் உருவாகின்றன. திருவள்ளூரில் எபோனைட் கம்பிகளை லேத்தில் பொருத்திக் கையால் கடைந்து ஊற்றுப் பேனா செய்யும் தொழில் இன்றும் நடக்கிறது. கியூ கோலுக்கும் தமிழ்நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. 1875-இல் ஜபல்பூரில் பிரித்தானியப் படை அதிகாரி நெவில் சேம்பர்லேன் தொடங்கியதாகக் கூறப்படும் ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள், 1880-களில் உதகமண்டலம் கிளப்பில் ஒழுங்குபடுத்தப்பட்டன.

பொழுதுபோக்காகப் பேனா கடைவதும் கியூ கோல் செய்வதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலாக உள்ளன. இவ்வேலைகளுக்கான சிறிய லேத்துகளும் துணைக் கருவிகளும் பெரும்பாலும் அந்தச் சந்தைகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. எனவே அவற்றின் அளவுகள் அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும் கலந்தே குறிக்கப்படுகின்றன.

இரு வேலைகளின் தன்மை

பேனா கடைதலில் சுமார் 19 மி.மீ. சதுரமும் 125 மி.மீ. நீளமும் உள்ள மரத்துண்டு எடுத்துக்கொள்ளப்படும். அதைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, நடுவே துளையிட்டு, உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டுவர். மெல்லிய ‘ஸ்லிம்லைன்’ வகைப் பேனாவுக்கு 7 மி.மீ. துளை இடப்படுகிறது. பிறகு துண்டை ‘மாண்ட்ரல்’ என்னும் மெல்லிய தண்டில் கோத்து, இரு முனையிலும் ‘புஷ்’ எனப்படும் அளவு வளையங்களை வைத்து, அந்த வளையங்களின் விட்டத்துக்கு வரும்வரை கடைவர். கையில் பிடித்த உளியே இதற்குப் போதும்.

கியூ கோல் செய்தல் வேறு வகை. பூல் ஆட்டத்தின் கோல் வழக்கமாக 57 அல்லது 58 அங்குல நீளம் உடையது. அது நடுவில் திருகி இணைக்கப்படும் இரு பாதிகளால் ஆனது. ஒவ்வொரு பாதியும் சுமார் 29 அங்குலம், அதாவது 737 மி.மீ. முன்பாதியின் நுனி ஏறத்தாழ 13 மி.மீ. விட்டமும், இணைப்பிடம் 21 மி.மீ. அளவும், கைப்பிடியின் அடி 32 மி.மீ. அளவும் இருக்கும். முன்பாதி பெரும்பாலும் கடின மேப்பிள் மரத்தில் செய்யப்படுகிறது. ஸ்னூக்கர் கோலுக்கு ஆஷ் மரமும் மேப்பிளும் பயன்படுகின்றன. அதன் நுனி 9 முதல் 10 மி.மீ. அளவே இருக்கும்.

கியூ கோலில் இணைப்பின் துல்லியம் முக்கியம். 21 மி.மீ. விட்டமுள்ள இணைப்பு முகம் 0.1 மி.மீ. சாய்வாகச் சீவப்பட்டுவிட்டது என்று கொள்வோம். அந்தச் சாய்வு 737 மி.மீ. தள்ளி இருக்கும் நுனியில் சுமார் 3.5 மி.மீ. விலகலாகப் பெருகும். மேசைமேல் உருட்டினால் அந்தக் கோல் துள்ளும். பேனாவில் அதே 0.1 மி.மீ. பிழை விரலுக்கு மட்டும் தெரியும் ஒரு சிறு விளிம்பாக நின்றுவிடும். ஆகவே பேனாவுக்குக் கைத்திறன் போதும். கியூ கோலுக்கு இயந்திரத்தின் துல்லியமும் வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய அளவுகள்

சுழல் விட்டம்: லேத்தின் படுக்கையில் இடிக்காமல் சுழலக்கூடிய பெரிய விட்டம் இது. விளம்பரங்களில் முதலில் வருவதும் இதுவே. கிண்ணம் கடைபவருக்கு இது முக்கியம். 12 மி.மீ. பேனாவுக்கும் 32 மி.மீ. கோலுக்கும் மிகச் சிறிய லேத்தின் சுழல் விட்டமே தாராளம். இதைப் பெரிதாக்குவதற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

மைய இடைவெளி: ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக் ஆகியவற்றின் கூர்முனைகளுக்கு இடையே பொருத்தக்கூடிய நீளம். பேனாவுக்கு 12 அங்குலம் போதும். கியூ கோலின் ஒரு பாதியை முழுதாகக் கடைய குறைந்தது 30 அங்குலமும், சக், துளைக் கருவி ஆகியவற்றுக்கு இடம்விட்டால் 36 அங்குலமும் தேவை. இந்தியாவில் லேத்துகள் 4½ அடி, 6 அடி எனப் படுக்கையின் மொத்த நீளத்தால் விற்கப்படுகின்றன. ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும் அந்த நீளத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். எனவே மைய இடைவெளியைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

ஸ்பிண்டில் துளை: ஹெட்ஸ்டாக் வழியே செல்லும் துளை. பேனாவில் இதற்குப் பெரிய வேலை இல்லை. கியூ கோலுக்கு இதுவே தீர்மானிக்கும் அளவு. கோல் இத்துளைக்குள் நுழைந்தால், மீதி நீளத்தைப் பின்புறம் விட்டுவிட்டு, முனையை மட்டும் சக்கில் பிடித்து முகம் சீவவும் துளையிடவும் முடியும். 32 மி.மீ. அடியுள்ள கோல் செல்ல 33 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட துளை வேண்டும். முன்பாதி மட்டும் செல்வதானால் 22 மி.மீ. போதும்.

கூம்புத் துளையும் மரையும்: துணைக் கருவிகள் பொருந்துவதற்கு ஸ்பிண்டிலிலும் டெயில்ஸ்டாக்கிலும் ‘மோர்ஸ் டேப்பர்’ என்னும் கூம்புத் துளை உண்டு. சிறிய மர லேத்துகளில் 2-ஆம் எண் டேப்பர் பரவலாக உள்ளது. 1-ஆம் எண் உடைய பழைய இயந்திரங்களுக்குக் கருவித் தேர்வு ஒப்பளவில் குறைவு. ஸ்பிண்டில் மரை அமெரிக்க வழக்கில் 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 புரி. ஐரோப்பியப் பெரிய லேத்துகளில் 33 மி.மீ. விட்டம், 3.5 மி.மீ. புரி. வழக்கத்தில் இல்லாத மரை கொண்ட மலிவு இயந்திரம், சக் வாங்கும்போது கூடுதல் செலவு வைக்கும்.

வேகம்: வெட்டின் தரம் மரத்தின் மேற்பரப்பு உளியைக் கடக்கும் வேகத்தைப் பொறுத்தது. 12 மி.மீ. பேனா நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால் அதன் மேற்பரப்பு நிமிடத்துக்கு 113 மீட்டர் நகரும். 1,000 சுற்றில் அது 38 மீட்டர் மட்டுமே. அதனால்தான் பேனாவுக்கு 2,000 முதல் 3,500 சுற்று வரை செல்லும் லேத் நல்லது. வேகம் குறைந்த இயந்திரத்திலும் பேனா கடையலாம். ஆனால் உளி மிகக் கூர்மையாக இருக்க வேண்டும்.

விலை குறைந்த வகைகள்

சிறிய மர லேத்: 8 முதல் 12 அங்குலச் சுழல் விட்டமும் 12 முதல் 18 அங்குல மைய இடைவெளியும் உடையது. மேசைமேல் வைத்து, வீட்டு மின்சாரத்தில் ஓட்டலாம். பேனாவுக்கு மட்டும் என்றால் இதுவே மலிவான, சரியான தேர்வு. சிலவற்றுக்குப் படுக்கை நீட்டிப்பு விற்கப்படுகிறது. நீளம் கிடைத்தாலும், உளியை நேர்கோட்டில் நகர்த்தும் கேரேஜ் இதில் இல்லை. 29 அங்குலக் குச்சி நடுவே வளைந்து அதிரும். எனவே முழுக் கோல் செய்ய இது பொருந்தாது.

சிறிய உலோக லேத்: 7 அங்குலச் சுழல் விட்டம், 10 முதல் 14 அங்குல நீளம் எனக் குறிக்கப்படும் சீனத் தயாரிப்புகள் உலகெங்கும் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. கேரேஜ், மரை வெட்டும் வசதி, சுமார் 2,500 சுற்று வரை வேகம் ஆகியவை உண்டு. பேனாவுக்கு மிக நல்லது. கிட் வாங்காமல், மூடி மரையையும் தானே வெட்டிப் பேனா செய்ய விரும்புவோருக்கு மர லேத்தைவிட ஏற்றது. ஆனால் ஸ்பிண்டில் துளை சுமார் 20 மி.மீ. மட்டுமே. ஸ்னூக்கர் கோலின் நுனிப்பகுதி நுழையும். பூல் கோலின் இணைப்பிடமும் அடியும் நுழையா.

நடுத்தர உலோக லேத்: 12 அங்குலச் சுழல் விட்டமும் 36 அங்குல மைய இடைவெளியும் உடைய வகைகளில் பலவற்றின் ஸ்பிண்டில் துளை 36 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும். ஒரு கோலை முழுதாகச் செய்ய இது போதும். புதிதாக வாங்க விலை அதிகம். எடை ஏறத்தாழ அரை டன். தளம் உறுதியாக இருக்க வேண்டும்.

கியூ லேத்: கோல் வேலைக்கென்றே செய்யப்படும் நீண்ட, இலகுவான இயந்திரம். பெரிய துளையும் இரு பக்கச் சக்கும் உண்டு. அமெரிக்காவில் சில சிறு நிறுவனங்கள் செய்கின்றன. வேறு நாட்டுக்கு வரவழைக்கக் கப்பல் செலவும் சுங்கவரியும் சேரும்.

கோலின் சரிவை வெட்டுதல்

அடியிலிருந்து நுனிக்குக் கோல் மெலிந்து செல்வதை லேத்தில் பெற இரு வழிகள் உண்டு. முதலாவது டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் நகர்த்துவது. 737 மி.மீ. நீளத்தில் 21.5 மி.மீ. விட்டம் 13 மி.மீ. ஆகக் குறைய வேண்டுமானால், விட்ட வேறுபாடு 8.5 மி.மீ. டெயில்ஸ்டாக்கை அதில் பாதியான 4.25 மி.மீ. நகர்த்த வேண்டும். இதனால் கிடைப்பது நேரான கூம்பு. ஆனால் பூல் கோல்கள் பலவற்றில் நுனியிலிருந்து 10 அங்குலத்துக்கு மேல் ஒரே விட்டம் நீடித்து, பிறகே தடிமன் கூடும். இத்தகைய வடிவத்துக்கு, வழிகாட்டிப் பட்டையைத் தொட்டுச் செல்லும் கேரேஜில் ரூட்டர் கருவியைப் பொருத்தி வெட்டுவர். ரூட்டரே வேகமாகச் சுழன்று வெட்டுவதால் கோல் மெதுவாகச் சுழன்றால் போதும்.

மரம் வெட்ட வெட்ட உள்ளிறுக்கம் மாறி வளையும். அதனால் ஒவ்வொரு முறையும் சிறிதளவே சீவி, வாரக்கணக்கில் தொங்கவிட்டு, மறுபடி சீவுவர். ஒரு முன்பாதி முடிய மாதங்கள் ஆகலாம். விலையுயர்ந்த இயந்திரமும் இந்தக் காத்திருப்பைக் குறைப்பதில்லை.

கையால் செய்யும் மரபான ஆங்கில ஸ்னூக்கர் கோல்களின் சரிவு இழைப்புளியால்தான் கொண்டுவரப்படுகிறது. அவ்வகையில் லேத் தேவைப்படுவது பித்தளை இணைப்பு, நுனி வளையம், தோல் முனை ஆகியவற்றைப் பொருத்துவதற்கு மட்டுமே. இழைப்புளியில் பழக்கம் உள்ளவருக்குக் குட்டையான படுக்கையும் பெரிய ஸ்பிண்டில் துளையும் உள்ள லேத் போதும். கோல் பழுதுபார்ப்புக்கும் இதே அளவே தேவை.

துணைக் கருவிகளின் செலவு

லேத்துக்குச் செலவிடும் அளவுக்குக் கருவிகளுக்கும் செலவாகும் என்பது கடைசல்காரர்களிடையே உள்ள பொதுவான கணக்கு. பேனா வேலைக்கு வேண்டியவை:

- மாண்ட்ரல், சுழலும் 60 பாகைக் கூர்முனை, புஷ்கள்
- டெயில்ஸ்டாக்கில் பொருத்தும் துளை சக், தேவையான துளைக் கருவிகள்
- இரண்டு அல்லது மூன்று நல்ல உளிகள், அவற்றைத் தீட்டும் சாணை
- பேனா கிட், பசை, உப்புத்தாள், மெருகுப் பொருள்
- முகக் கவசம், தூசு முகமூடி

கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்துக்கே கொடுத்துவிட்டால், மழுங்கிய உளியோடு வேலை தொடங்க நேரும். மரம் பிய்வதற்கு இயந்திரத்தைவிட மழுங்கிய உளியே பெரும்பாலும் காரணம்.

பழைய லேத் வாங்கும்போது

பயன்படுத்திய உலோக லேத் குறைந்த விலையில் நல்ல துல்லியம் தரக்கூடும். வாங்கும் முன் சில சோதனைகள் செய்யலாம். இரு கூர்முனைகளையும் அருகருகே கொண்டுவந்தால் அவை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். டயல் காட்டியை ஸ்பிண்டிலில் தொடவைத்துக் கையால் சுழற்றினால் முள் பெரிதாக ஆடக்கூடாது. கேரேஜ் ஹெட்ஸ்டாக் அருகே தளர்வாகவும் மறுமுனையில் இறுக்கமாகவும் நகர்ந்தால் படுக்கை தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஓட்டிப் பார்க்கும்போது பேரிங்கில் உறுமல் கேட்டால் அதை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். பட்டறை இயந்திரங்கள் பல மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. ஒருமுனை இணைப்புள்ள வீட்டில் மோட்டாரை மாற்றவோ, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தவோ நேரிடும்.

பாதுகாப்பு

தொங்கும் உடை, துப்பட்டா, வளையல், கையுறை ஆகியவை சுழலும் பகுதியில் சிக்கும். இயக்கும் முன் சக் சாவியை எடுத்துவிட வேண்டும். ஸ்பிண்டிலின் பின்புறம் நீண்டு நிற்கும் கோல், தாங்கு இல்லாமல் வேகமாகச் சுழன்றால் திடீரென வளைந்து சாட்டைபோல் அடிக்கும். அதற்குப் பின்பக்கத் தாங்கு அவசியம். கருங்காலி, ஈட்டி ஆகியவற்றின் தூசு சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை உண்டாக்கும். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரின மரங்கள் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளன. அவற்றில் செய்த பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் விதிகளைப் பார்க்க வேண்டும்.

எதைத் தேர்வது

பேனா மட்டும் செய்ய விரும்புபவருக்குச் சிறிய மர லேத் போதும். பேனாவோடு மரை வெட்டுதலும் கற்க விரும்புபவருக்குச் சிறிய உலோக லேத் ஏற்றது. கியூ கோல்தான் உறுதியான நோக்கம் என்றால், 33 மி.மீ. துளையுள்ள பழைய உலோக லேத்துக்குக் காத்திருப்பது நல்லது. உலோக லேத்தில் பேனாவும் கடையலாம். மர லேத்தில் கியூ கோல் செய்வது மிகக் கடினம். நோக்கம் இன்னும் தெளிவாகாதவர் சிறிய மர லேத்தில் பேனாவிலிருந்து தொடங்கலாம். உளி தீட்டவும், மரத்தின் போக்கை அறியவும், பிழையை அளக்கவும் அதில் கற்றுக்கொண்டவை பிறகு கியூ கோலுக்கும் உதவும். நீளம் போதாத லேத்தில் கோல் செய்ய முயன்று, இணைப்பு சரியாக அமையாமல் வேலையையே கைவிடுவதைவிட, அதே லேத்தில் நல்ல பேனாக்கள் செய்து, அடுத்த இயந்திரத்துக்குப் பணம் சேர்ப்பது செலவும் மனச்சோர்வும் குறைந்த வழி.