வாங்குபவரின் காதால் கேட்கும் தொழில்

டிரேட்மார்க் வக்கீலாக என்ன படிக்க வேண்டும் என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் என்னிடம் கேட்பார்கள். சட்டப் பட்டம், பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு, அவ்வளவுதான். பேட்டன்ட் ஏஜென்ட் ஆக அறிவியலோ பொறியியலோ படித்திருக்க வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. நான் பி.காம். முடித்துச் சட்டத்துக்கு வந்தவள்.

தொழிலைக் கற்றது சென்னையில் என் சீனியரிடம். கட்சிக்காரர் புதுப் பெயரோடு வந்தால், ஏற்கெனவே பதிவானவற்றில் அதைப் போன்ற பெயர் உண்டா என்று தேடுவது ஜூனியரின் வேலை. பொருட்களுக்கு 34, சேவைகளுக்கு 11 என மொத்தம் 45 வகுப்புகள். மசாலாப் பொடி 30-ஆம் வகுப்பு, ஹோட்டல் 43. தேடி எடுத்த பெயர்களை சீனியர் உரக்கப் படிக்கச் சொல்வார். மளிகைக் கடையில் இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தா வாங்குகிறோம்? அரைகுறையாக நினைவிருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். அப்படி வாங்குபவர் ஏமாறுவாரா என்பதுதான் சட்டத்தின் கேள்வி.

மருந்து விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. ‘ஃபால்சிகோ’, ‘ஃபால்சிடாப்’ இரண்டுமே மூளை மலேரியாவுக்கான மருந்துகள். இந்த இரு பெயர்களும் மோதிய வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம், மருந்துப் பெயர்களின் ஒற்றுமையைக் கூடுதல் கண்டிப்போடு பார்க்க வேண்டும் என்றது.

கேட்ட பெயரையெல்லாம் காப்பாற்றித் தர முடியாது என்று எடுத்துச் சொல்வதும் எங்கள் கடமை. ‘மேஜிக் மசாலா’ நூடுல்ஸ் வழக்கில் ஐடிசியும் நெஸ்லேயும் மோதின. பொருளைப் புகழ்ந்து சொல்லும் பொதுச் சொல்லை ஒருவரே சொந்தம் கொண்டாட முடியாது என்று 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விண்ணப்பத்துக்கு டிரேட்மார்க் பதிவகம் ஆட்சேபம் சொன்னால் 30 நாளில் பதில் தர வேண்டும். டிரேட்மார்க் ஜர்னலில் பெயர் வெளியான பிறகு, எதிர்ப்பவர்களுக்கு 4 மாத அவகாசம். பதிவானால் 10 ஆண்டுகள் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

பதிவு மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்துவிடாது. பதிந்தவருக்கு முன்பிருந்தே ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்துபவரின் உரிமையை 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் முன்பிருந்தே பயன்படுத்தியதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கும் பெண்களுக்கும் நான் சொல்வது இதுதான்: முதல் பில், முதல் லேபிள், அச்சகத்து ரசீது எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பெயர் முடிவானதும் விண்ணப்பியுங்கள். சிறு தொழிலுக்கு ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். நாளை வழக்கு வந்தால் நாங்கள் வாதாடுவது அந்தக் காகிதங்களை வைத்துத்தான்.