துரை வாங்கிய துப்பாக்கி, தொழிலாளி பிசைந்த மருந்து



இடுப்பிலே ஒரு கைத்துப்பாக்கி செருகியிருந்தால்தான் ‘பெரிய மனிதன்’ என்று எண்ணுகிற நோய் வடக்கே பல மாநிலங்களில் உண்டு. கலியாண ஊர்வலத்திலே வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். அந்தக் குண்டு யாரோ ஒரு ஏழையின் தலையிலே இறங்கும். இதற்கென்றே 2019-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டத்துக்குச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவனுக்கு இரண்டாண்டு வரை சிறை என்று எழுதவேண்டி வந்தது. அந்தக் காய்ச்சல் நம்மை அவ்வளவாகத் தொடவில்லை, உண்மை. ஆனாலும் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதத் துடிக்கிற கைகள் நம்மிடையே அறவே இல்லை என்று சொல்லமுடியுமா? அந்தக் கைகளுக்காகத்தான் நீலகிரி மலையின் துப்பாக்கிக் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

அவர்கள் ஆசைப்படுவது எந்தத் துப்பாக்கி? சட்டைப் பையிலே அடங்குகிற சின்னஞ்சிறு துப்பாக்கியா? இல்லை, பட்டாளத்துக்காரன் இடுப்பிலே தொங்குகிற பெரிய துப்பாக்கி! ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வரையத் தொடங்கி, அவர் 1926-இல் மறைந்தபின் பெல்ஜிய நாட்டுத் தொழிற்சாலை ஒன்று முடித்து, 1935-இல் வெளியிட்ட வகை. ஏறத்தாழ ஒரு கிலோ எடை. கைப்பிடிக்குள் செருகும் பெட்டியிலே 13 தோட்டாக்கள். அந்த அமைப்பிலேதான் வங்காளத்து இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை 9 மில்லிமீட்டர் துப்பாக்கியை நம் படைகளுக்குச் செய்து கொடுத்தது.

விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. சுடுகிறவன் செய்யும் வேலை அவ்வளவுதான். குண்டு முன்னே பாயும்போதே, அந்த உதைப்பிலே மேல்மூடி பின்னே ஓடி, வெற்றுத் தோட்டாக் கூட்டை வெளியே எறிகிறது. சுருள்வில் தள்ள முன்னே திரும்பும்போது அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிடுகிறது. கண் இமைக்கும் நேரத்திலே மறுபடி தயார்! கங்காணிக்குக்கூட ஒருமுறை அடித்த பிரம்பை மறுமுறை ஓங்குகிற சிரமம் உண்டு. இதிலே அதுவும் இல்லை. காது அடைக்கும், மணிக்கட்டு எகிறும், பழகாத கையாக இருந்தால் இரண்டாவது குண்டு எங்கே போயிற்று என்று சுட்டவனுக்கே தெரியாது.

குண்டைத் தள்ளுவது எது? பளபளக்கும் இரும்பா? அல்ல, உள்ளே கிடக்கிற மருந்து! அந்த மருந்தின் பிறந்தகங்களில் ஒன்று நம் மலையிலே இருக்கிறது.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற மலை ரயில் அருவங்காட்டைக் கடந்து போகிறது. அங்கே பள்ளத்தாக்கை நிறைத்துக் கிடக்கும் கட்டடங்கள்தான் கார்டைட் தொழிற்சாலை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள், 1903, 1904 வாக்கில், வெள்ளை சர்க்கார் அதை எழுப்பியது. காட்டேரி அருவியின் தண்ணீரிலே மின்சாரம் எடுத்து அதை ஓட்டினார்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்கள் மண்ணெண்ணெய் விளக்கையே அறியாத காலத்திலே, மருந்து செய்ய மின்சாரம்!

கார்டைட் என்பது என்ன? பருத்தியை அமிலத்திலே தோய்த்தெடுத்த வெடிபஞ்சு, அதோடு நைட்ரோகிளிசரின், கொஞ்சம் வாஸ்லைன். அசிட்டோன் சேர்த்து மாவாகப் பிசைந்து, துளைத்தட்டு வழியே இடியாப்பம் பிழிவதுபோலப் பிழிந்து, கயிறு கயிறாக உலர்த்துவார்கள். 1889-இல் இங்கிலாந்திலே ஏபெல், டூவர் என்ற இரு விஞ்ஞானிகள் கண்ட முறை. ஆங்கிலப் பட்டாளத்தின் .303 ரைபிள் தோட்டாவை ஓட்டியது இந்த மருந்து.

பிசைகிறவனுக்கு என்ன கிடைத்தது? தலைவலி! நைட்ரோகிளிசரின் தோலிலே பட்டாலும் மூச்சிலே கலந்தாலும் ரத்தக் குழாய் விரிந்து மண்டையைப் பிளக்கும். உலகமெங்கும் இந்தத் தொழிலாளர்கள் அறிந்த வேதனை இது. நாலைந்து நாள் வேலை செய்தால் உடம்பு பழகிப்போகும். ஞாயிறு ஓய்வெடுத்துத் திங்கள் திரும்பி வந்தால், மறுபடியும் தலைவலி. ஓய்வெடுத்ததற்கே தண்டனை கொடுக்கிற தொழில் வேறு எங்கேயாவது உண்டா? மருந்துச் சாலை வாயிலிலே தீப்பெட்டி கூடாது, பீடி கூடாது, ஆணியடித்த செருப்பு கூடாது. ஒரு பொறி போதும் உயிர் போக. போன உயிர்களும் உண்டு.

சரி, துப்பாக்கியை வாங்கியவர் யார்?

1878-இல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்து கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்தால் குற்றம் என்றது. வெள்ளையனுக்கோ லைசென்ஸே வேண்டாம்! தேயிலைத் தோட்டத்துத் துரை காசை நீட்டினால் துப்பாக்கி கைக்கு வரும். (பக்கத்துக் குடகு மக்களுக்கும் தனி விலக்கு, அது இன்றும் தொடர்கிறது.) அடுத்த ஆண்டே, 1879-இல், நீலகிரிக்கென்று ஒரு வேட்டைச் சட்டம். கடமானும் காட்டெருதும் அழிந்துபோகாமல் காக்கவாம்! யாருக்காகக் காத்தார்கள்? கோடைக்கு ஊட்டி ஏறிவருகிற துரைமார் சுடுவதற்காக.

அந்நாளில் பட்டாள அதிகாரி தன் கைத்துப்பாக்கியைத் தன் காசிலேயே வாங்குவது வழக்கம். பலர் மனத்தைக் கவர்ந்தது ஜெர்மனியின் மவுசர். 1896-இல் வந்தது, ஒரு கிலோவுக்கு மேலே எடை, ஒரு அடி நீளம், 10 தோட்டா. மரத்தாலான உறையையே பின்னே மாட்டித் தோளிலே ஊன்றிக் குட்டி ரைபிளாகச் சுடலாம். வின்ஸ்டன் சர்ச்சில் 1898-இல் சூடான் போருக்கு இதைத்தான் கொண்டுபோனார்.

அந்த மவுசர் ஒருநாள் வெள்ளையனையே திரும்பிப் பார்த்தது! 1914 ஆகஸ்ட் 26. கல்கத்தாவில் ராடா கம்பெனி என்ற துப்பாக்கிக் கடைக்குக் கப்பலில் சரக்கு வந்தது. சுங்கத்திலிருந்து பெட்டிகளை மீட்டுவரக் கம்பெனியின் குமாஸ்தாவே போனார். மீட்டவை 202 பெட்டி. கடைக்கு வந்து சேர்ந்தவை 192. பத்துப் பெட்டிகள் மாட்டு வண்டியோடு மாயம்! குமாஸ்தாவும் மாயம்! அவற்றுக்குள் இருந்தவை 50 மவுசர் துப்பாக்கிகள், 46,000 தோட்டாக்கள். சட்டப்படி வாங்கமுடியாதவன் வாங்கிய முறை அது. வங்கப் புரட்சிக்காரர்கள் கைக்குப் போன அந்தத் துப்பாக்கிகள் ஆண்டுக்கணக்கில் சர்க்காரின் தூக்கத்தைக் கெடுத்தன.

தமிழ்நாட்டிலே அதற்கு மூன்றாண்டு முன்பே, 1911 ஜூன் 17-இல், மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையிலே இருந்தது பெல்ஜியத்து பிரவுனிங். அதைக்கொண்டே தன்னுயிரையும் முடித்துக்கொண்டார். அவர் சட்டைப் பையிலே இருந்த கடிதத்தின் சனாதனப் பேச்சு நமக்கு உடன்பாடானதல்ல. அதை இன்னொரு நாள் பேசலாம். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. ஒரு கலெக்டர் போனார், இன்னொரு கலெக்டர் வந்தார். கம்பெனியாரின் ஆலையிலோ மலைத் தோட்டத்திலோ கூலி காலணா ஏறவில்லை.

இனப் பாகுபாடு 1920 வாக்கிலே விதிகளிலிருந்து நீங்கியது. 1931 கராச்சி மாநாட்டிலே காங்கிரஸ், ஆயுதம் வைத்துக்கொள்வது குடிமகனின் உரிமை, விதிகளுக்கு உட்பட்டு, என்று தீர்மானமே போட்டது. 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் காமத் அதை நினைவூட்டித் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. அம்பேத்கர் செய்ததே சரி என்பேன். துப்பாக்கியை உரிமையாக்கினால், வாங்க வசதியுள்ளவனுக்கு மட்டும் வாய்க்கிற உரிமை அது. கீழவெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968-இல் அங்கே துப்பாக்கி எந்தப் பக்கம் இருந்தது? குடிசைக்குள்ளே இருந்தவர்கள் பக்கமா?

இன்றைய சட்டம் 1959-இல் இயற்றியது. பட்டாளத்தின் 9 மில்லிமீட்டர், தடை செய்த வகை. கலெக்டர் கொடுக்கமுடியாது, டில்லி மனம்வைத்தாலொழியக் கிடையாது. குடிமகன் கேட்கக்கூடியது .32 அளவு ரிவால்வர் அல்லது பிஸ்டல். 21 வயது நிரம்பவேண்டும், போலீஸ் விசாரணை வேண்டும், காரணம் காட்டவேண்டும். முன்பு ஒருவர் மூன்று வைத்திருக்கலாம்; 2019 முதல் இரண்டுதான். விலை லட்ச ரூபாயைத் தொடும். கோத்தகிரியிலே கொழுந்து பறிக்கிற அம்மாள் அதற்கு எத்தனை மாதக் கூலியைக் கொட்டவேண்டும் என்று கணக்குப் போடுங்கள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனிலே ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கவேண்டும். பயன்படும் என்று எதிர்பார்த்த காலத்திலே பயன்படாத பொருளுக்கு லட்ச ரூபாய்!

டில்லி இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டு, மருந்தை என்ன செய்தது தெரியுமா?

இந்தியா முழுவதும் 41 ஆயுதத் தொழிற்சாலைகள், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். அந்த வாரியத்தையே கலைத்து ஏழு கம்பெனிகளாகக் கூறுபோட 2021 ஜூனில் முடிவெடுத்தார்கள். ஜூலை 26 முதல் வேலைநிறுத்தம் என்று சம்மேளனங்கள் அறிவித்தன. பதில் என்ன? ஜூன் 30-ஆம் நாளே அவசரச் சட்டம்! ஆகஸ்டிலே பாராளுமன்றச் சட்டம்! வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டுச் சிறை, தூண்டினால் இரண்டாண்டு. நூற்றாண்டுக்கு மேலாக மருந்து பிசைந்தவன், “என் ஆலையைக் கம்பெனியாக்காதே” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றால் குற்றவாளி! லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்தவனுக்கு ஒரு சட்டம், ஆயுதமே இல்லாமல் சும்மா நின்றவனுக்கு இன்னொரு சட்டம்.

2021 அக்டோபர் 1-ஆம் நாள் அருவங்காடு, புனேயிலே தலைமையகம் கொண்ட ‘முனிஷன்ஸ் இந்தியா’ கம்பெனியின் பெயர்ப்பலகைக்குள் போயிற்று. அந்தச் சட்டம் ஓராண்டு ஆயுள் முடிந்து மறைந்தது, கம்பெனி நின்றுவிட்டது. தொழிலாளி இன்னமும் சர்க்கார் ஊழியனா, கம்பெனி ஊழியனா? ‘அயல்பணி’ என்று ஒரு பெயர் சூட்டி, முதலில் இரண்டாண்டு என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள், மறுபடியும் நீட்டித்தார்கள். மனு எழுதத் துடிக்கிற தோழர் அந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒருநாள் அருவங்காடு சங்க அலுவலகத்துப் படியேறட்டும். அங்கே எழுதவேண்டிய மனுக்கள் நிறைய இருக்கின்றன.