சென்னை - சிங்கப்பூர்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை, இரண்டு குழந்தைகளுடன் சென்னை வந்தபோது நடந்தது இது. "ராத்திரி 8 மணிக்கு பிளைட் அண்ணா, நாலேகால் மணி நேரத்துல வந்துடுவோம்" என்று போனில் சொன்னாள். எட்டும் நாலேகாலும் பன்னிரண்டேகால் என்று கணக்குப் போட்டு, 12 மணிக்கு விமான நிலையம் போனேன். அவளோ 9.45க்கே இறங்கிவிட்டாள். கையில் இந்திய சிம் கார்டு இல்லை. தூங்கி விழும் குழந்தைகளுடன் இரண்டு மணி நேரத்திற்கு மேல் காத்திருந்திருக்கிறாள். இத்தனைக்கும் என் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது!

விமான டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரப்படிதான் இருக்கும். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 8 என்றால் இங்கே மாலை 5.30. இதனுடன் நாலேகால் மணி நேரத்தைக் கூட்டினால் 9.45. நான் கூட்டலில் தவறவில்லை. தவறான கடிகாரத்தில் கூட்டிவிட்டேன்.

இப்போது விண்டோஸில் இரண்டாவது கடிகாரம் வைத்திருக்கிறேன். டாஸ்க் பாரில் உள்ள நேரத்தின் மீது ரைட் கிளிக் செய்து, தேதி, நேரம் மாற்றும் பகுதிக்குச் செல்லுங்கள். அதில் 'அடிஷனல் கிளாக்ஸ்' என்ற வசதி இருக்கும். 'ஷோ திஸ் கிளாக்' கட்டத்தில் டிக் செய்து, பட்டியலில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இனி நேரத்தின் மீது மவுஸைக் கொண்டு சென்றாலே இரு ஊர் நேரமும் தெரியும்.

தூரத்தையும் நாமே அளக்கலாம். கூகுள் மேப்ஸ் தளத்தில் சென்னை விமான நிலையத்தின் மீது ரைட் கிளிக் செய்து, 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கிளிக் செய்திடுங்கள். ஏறத்தாழ 2,900 கி.மீ. என்று காட்டும். கார் வழி காட்டும் பகுதியை நாட வேண்டாம். நடுவில் வங்காள விரிகுடா இருக்கிறது.

ஜெட் விமானம் உயரே மணிக்குச் சுமார் 850 கி.மீ. வேகத்தில் பறக்கும். 2,900ஐ 850ஆல் வகுத்தால் 3.4, அதாவது சுமார் 3 மணி 25 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது ஆகியவற்றுக்காக முக்கால் மணி நேரம் சேருங்கள். தங்கை சொன்ன நாலேகால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

தூரம் மிக அதிகமானால் இந்தக் கணக்கு சற்று ஏமாற்றும். டெல்லியையும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவையும் இதேபோல் அளந்து பாருங்கள். கோடு நேராகப் போகாமல் வட துருவம் பக்கம் வளைந்து ஏறும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்ததால் வரும் வளைவு அது. உண்மையில் அதுதான் குறுக்கு வழி, சுமார் 12,400 கி.மீ. ஆனால் 2016ல் ஏர் இந்தியா இந்த ஊருக்குப் பசிபிக் கடல் வழியாக 15,000 கி.மீ.க்கு மேல் பறந்து, சுமார் பதினாலரை மணி நேரத்தில் சேர்ந்தது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த மேல்காற்று பின்னாலிருந்து தள்ளியதே காரணம்.

இன்னொன்று: டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று இருந்தால், அது மறுநாள். சென்னையில் இரவு 11க்கு ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது மறுநாள் அதிகாலை 5.45 வாக்கில். அழைத்துப் போக வருபவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.